கூடத்துத் தரைக்கு என்ன விலை

பிப்ரவரி 4

சின்னவனுக்கு அண்ணி எழுதுவது.

நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை. போனில் கேட்டால் "ம்" என்கிறாய். அந்த "ம்"மை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? போதாததற்கு உன்னோடு பேசும்போதெல்லாம் உன் அண்ணன் அடுத்த அறையிலிருந்து இருமுகிறார். அவர் இருமினால் நான் பேச்சை மாற்றிவிடுவேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கடிதம் இருமலுக்குப் பயப்படாது, அதனால் எழுதுகிறேன்.

உன் அண்ணனுடைய வலது முட்டி அநேகமாகப் போய்விட்டது. மெஷினைத் தள்ளுவதில் கஷ்டமில்லை என்கிறார். மெஷின் போகாத மூலையும் சுவர் ஓரமும்தான் ஆளைக் கொல்கின்றன. முட்டி போட்டால் எழ முடியவில்லை. போன வாரம் ஒரு வக்கீல் வீட்டில் அலமாரியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார், அலமாரியும் கூடவே எழுந்துவிட்டது. உள்ளே இருந்த கண்ணாடிக் கிண்ணம் ஒன்றுக்கு நாங்கள் பணம் கட்டினோம்.

விலை சொல்வது இன்னும் நான்தான். சாதாரணத் துடைப்புக்கு அடிக்கு ஆறு, மெஷின் போட்டு ஆழமாகச் சுத்தம் செய்ய அடிக்குப் பன்னிரண்டு, மேல்பூச்சு முப்பது, முழுக்க இழைத்துப் புதிதாக்க எழுபது. மாடிப்படி என்றால் படிக்கணக்கு. நேற்று ஒரு அம்மா, "ஒரு ரூம்தானே, அதுக்குப் போய் இவ்வளவா?" என்றார். "ரூம் ஒண்ணுதாம்மா. ஆனா மெஷின் மூணாவது மாடிக்குத் தானா ஏறி வராதே" என்றேன். போனை வைத்துவிட்டார். நீ இருந்தபோது இப்படிப்பட்டவர்களிடம் சிரித்துப் பேசிச் சரிக்கட்டுவாய். எனக்கு அது வராது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிரார்த்தனைக் கூடத்துப் பொருளாளர் வீட்டுக்கு வந்திருந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பேசினார். ஏப்ரல் கடைசிக்குள் கூடத்துத் தரையைச் சரிசெய்து கொடுக்க வேண்டுமாம். இல்லையென்றால் வேறு கம்பெனியை அழைத்து முழுக்க இழைக்கச் சொல்லி, அந்தச் செலவை நம் தலையில் கட்டப்போகிறார்களாம். ஆயிரத்து இருநூறு அடி. அடிக்கு எழுபது. பெருக்கிப் பார், எனக்குப் பெருக்கவே பயமாக இருக்கிறது. அதற்குமேல், பிரார்த்தனைக் கூடத்துத் தரையையே கெடுத்தவர்கள் என்று பெயர் வாங்கினால் யார் நம்மை வீட்டுக்குள் விடுவார்கள்?

போன ஜூனில் நீ பூசின பூச்சு இரண்டே வாரத்தில் பால் ஆடை மாதிரி உரிந்து வந்ததையும், உன் அண்ணன் அந்தத் தோலைக் கையில் பிடித்துக்கொண்டு அத்தனை பேர் முன்னால், "தேய்க்காமலே பூசிட்டான், சோம்பேறி" என்று சொன்னதையும், நீ மெஷின் ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டுப் பையோடு போனதையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன். அந்தத் தரையை முட்டி போட்டுச் சரிசெய்ய அவரால் முடியாது. நீ வந்தால்தான் நடக்கும். வந்து அண்ணனிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடேன். பெரியவர், அவர் இறங்கி வரமாட்டார்.

தினமும் காலையில் உன் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கடவுளுக்குக் கேட்டிருக்கும். உனக்கும் கேட்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அண்ணி


பிப்ரவரி 19

அண்ணிக்கு,

எனக்கு எழுத வராது என்று தெரியும் உங்களுக்கு. பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

இங்கே பெரிய கம்பெனி. சட்டைப்பையில் பெயர் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். என் பெயர் இல்லை, எனக்கு முன்னால் வேலையை விட்டுப் போனவன் பெயர். சட்டை நன்றாக இருக்கிறதே, எதற்குப் பிரிப்பது என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் அந்தப் பெயரிலேயே கூப்பிடுகிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

விலை விஷயத்தில் நீங்கள் இங்கே ஒரு நாள் தாங்க மாட்டீர்கள். போனில் அடிக்கு மூன்று என்பார்கள். ஆள் ஆசைப்பட்டுக் கூப்பிடுவார். வீட்டுக்குள் போனதும் சோபா நகர்த்த இவ்வளவு, கறைக்கு இவ்வளவு, நாய் முடிக்கு இவ்வளவு. முடிகிறபோது அடிக்குப் பதினைந்து. வாசலில் ஒரு விலை, வாசல் தாண்டினால் ஒரு விலை. அது கூடப் பரவாயில்லை அண்ணி. மரத்தரைக்கு நீராவி அடிக்கிறார்கள். அண்ணன் பார்த்தால் மெஷினைத் தூக்கித் தெருவில் போடுவார். மூன்று மாதம் கழித்துப் பலகை ஓரமெல்லாம் தூக்கி, நடு குழிந்து, தரையே ஓட்டுக்கூரை மாதிரி ஆகிவிடும். அப்போது வீட்டுக்காரர் மறுபடி போன் செய்வார். அதற்கு வேறு விலை.

நான் துணியைப் பிழிந்து ஈரம் ஒட்டியும் ஒட்டாமல் துடைத்தால் "ஏன்டா தரையைத் தடவிக் குடுக்கறே?" என்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்கச் சொல்கிறீர்கள். எதற்கு அண்ணி? நான் தேய்த்தேன். மூன்று எமரி வலை மாற்றித் தேய்த்தேன். மெஷினுக்கு அடியில் மாட்டின வலை கொஞ்ச நேரத்திலேயே அடைத்துக்கொண்டது. பழைய வார்னிஷைத் தேய்த்தால் மாவு மாதிரித் தூள் வரும். இது பிசுக்கு மாதிரி வந்தது. கழற்றிக் கொண்டுபோய் அண்ணனிடம் காட்டினேன். "பழசு அப்படித்தான் இருக்கும், பூசு" என்றார். பூசினேன். அவர் சொன்னதைச் செய்தேன், அவரே சோம்பேறி என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் துடைத்துவிட்டுப் போயிருப்பேன். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவரே சொன்னார்.

நான் வரவில்லை. ஆனால் உங்களுக்காக ஒன்று சொல்கிறேன். வெள்ளைத் துணியில் டர்பன்டைன் கொஞ்சம் நனைத்து, கூடத்தில் நீங்கள் உட்காரும் இடத்தில், உள்ளங்கை அளவு நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் என்ன வருகிறது என்று எழுதுங்கள். நான் காரணம் தெரிந்துகொள்ளாமல் தூங்க முடியாத ஆள்.

முட்டிக்கு அடியில் வைக்க இங்கே நல்ல ரப்பர் மெத்தை கிடைக்கிறது. வேறு ஒருவர் கொடுத்ததாகச் சொல்லி அண்ணனிடம் கொடுங்கள். பார்சலில் வருகிறது.

தம்பி


மார்ச் 2

சின்னவனே,

மெத்தை வந்தது. என்னோடு கூடத்துக்கு வருகிற தையற்காரம்மா தைத்துக் கொடுத்ததாகச் சொன்னேன். உன் அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தையற்காரம்மா ரப்பர்லயும் தைக்கறாங்களா?" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வேலைக்குப் போகும்போது பையில் வைத்துக்கொள்கிறார்.

பொய் சொன்னது உறுத்தலாக இருக்கிறது. கடவுளிடம் கணக்குச் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

நீ சொன்னபடி செய்தேன். துணி மஞ்சளாக, கொஞ்சம் பழுப்பாக வந்தது. எவ்வளவு தேய்த்தாலும் வந்துகொண்டே இருந்தது. எத்தனை வருஷத்துக் காலடி அழுக்கோ! எனக்கு வெட்கமாகிவிட்டது, ஏனென்றால் அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டது நாங்கள்தான். உனக்குச் சொன்னேனோ இல்லையோ, கூடத்தில் ஏற்றுகிற மெழுகுவர்த்தியில் அடிக்கட்டை மிஞ்சும். கடவுள் முன்னால் எரிந்ததைக் குப்பையில் போட எனக்கு மனசு வராது. அதனால் நானும் தையற்காரம்மாவும் டீச்சரம்மாவும் அந்தக் கட்டைகளைத் துணியில் முடிந்து, வெயிலில் கொஞ்சம் இளக்கி, சனிக்கிழமைதோறும் தரையில் தேய்த்து மினுக்குவோம். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு ஜெபம். முந்தின வருஷமே ஆரம்பித்துவிட்டோம். அப்போது தரை எப்படிப் பளபளக்கும் தெரியுமா! நீ பூச வருவதற்கு முந்தின வாரம் உன் வேலை நன்றாக அமைய வேண்டும் என்று இரண்டு தரம் தேய்த்தோம். அப்படியும் இப்படி ஆயிற்றே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

வலை அடைத்ததை அண்ணனிடம் காட்டினாய் என்று எழுதியிருக்கிறாய். அவர் அதை என்னிடம் சொன்னதே இல்லை. கேட்கலாம் என்று வாயெடுத்தேன், இருமினார்.

நேற்று இரண்டு அறை வேலை. தனியாகத்தான் போனார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே தூங்கிவிட்டார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுப்பிச் சாப்பிடச் சொல்லவும் அலுப்பாக இருந்தது. எனக்கும் அலுப்புத்தான். வீட்டில் இரண்டு பேர்தான் இருக்கிறோம், இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. நீ இருந்தால் யாரையாவது நக்கலடித்துக்கொண்டிருப்பாய்.

துணியில் வந்தது என்ன என்று சீக்கிரம் எழுது. ஏப்ரல் நமக்காக நிற்காது.

அண்ணி


மார்ச் 20

அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். வேலை அதிகம்.

காரணம் கிடைத்துவிட்டது. வார்னிஷ் டின் பழையது. தேதி தாண்டியது. அதனால்தான் ஒட்டவில்லை. டின்னை வாங்கி வந்தது நான்தான், எனவே தப்பு என்னுடையதுதான். அண்ணனிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். விஷயம் முடிந்தது.

இனிச் செய்ய வேண்டியதைக் கீழே எழுதுகிறேன். வேறு நல்ல ஆளாகப் பார்த்துச் செய்துகொள்ளுங்கள்.

முதலில் உரிந்த பூச்சையெல்லாம் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி எடுக்க வேண்டும். இரும்புத் தகடு வேண்டாம், கோடு விழும். பிறகு முழுத் தரையையும் டர்பன்டைன் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்க்க வேண்டும். துணி மஞ்சளானால் உடனே வேறு துணி. அதே துணியால் தேய்த்தால் எடுத்ததைத் திரும்பப் பூசுவதுதான். துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை விடக்கூடாது. பலகை இடுக்குகளில் பழைய பல் பிரஷ். ஜன்னலெல்லாம் திறந்திருக்கட்டும். அந்த நாட்களில் கூடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றவே வேண்டாம், தயவுசெய்து. நனைந்த துணிகளைக் குவித்து வைக்காதீர்கள், தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் தனித்தனியாகப் பிரித்துப் போடுங்கள்.

பிறகு எமரி வலை போட்டு மெஷின். தூள் மாவு மாதிரி வந்தால் சரி. பிறகு ஒரு மூலையில் மட்டும் பூசிக் காயவிட்டு, செலோ டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். டேப்பில் ஒன்றும் வராவிட்டால் முழுவதும் பூசலாம்.

துணி நிறைய வேண்டும். முப்பது நாற்பது கிலோவாவது ஆகும். டர்பன்டைன் இருபது லிட்டர் வாங்கிவையுங்கள்.

வேறு ஒன்றும் கேட்காதீர்கள் அண்ணி. கைவலி.

தம்பி


மார்ச் 28

சின்னவனே,

உனக்குக் கைவலி என்றால் எனக்கு வேறு இடத்தில் வலி.

நீ எழுதினதை வைத்துக்கொண்டு பொருளாளருக்கு விலை எழுத உட்கார்ந்தேன். நான் படித்தவள் இல்லை. ஆனால் எனக்கு ஒரு வழக்கம் உண்டு, உனக்கும் தெரியும். என்ன செய்கிறோம் என்று தெரியாத வேலைக்கு நான் விலை போடமாட்டேன். சுரண்டுவது எதற்கு? உரிந்த பூச்சுக்கு. சரி, எழுதினேன். மெஷின் எதற்கு? புதுப் பூச்சு பிடித்துக்கொள்ள. எழுதினேன். நாற்பது கிலோ துணியும் இருபது லிட்டர் டர்பன்டைனும் எதற்கு? பேனா நின்றுவிட்டது.

டின் கெட்டது என்றால் டின்னை மாற்றினால் போதுமே? தரையை ஏன் இப்படித் தேய்க்க வேண்டும்? அழுக்குக்கா? காலடி அழுக்கைச் சோப்புத் தண்ணீர் எடுக்காதா? எதைத் துடைக்கிறோம் என்று தெரியாமல் நான் எப்படி விலை போடுவேன்?

கூடத்துக்குப் போனேன். பாட்டுப் புத்தக அலமாரியைத் தையற்காரம்மாவும் நானுமாக நகர்த்தினோம். நீ பூசின அன்று அதையும் நகர்த்திவிட்டுத்தான் பூசினாய், எனக்கு நினைவிருக்கிறது. அதன் அடியில் நாங்கள் கட்டை தேய்த்ததே இல்லை, கை போகாது. அங்கே உன் பூச்சு கண்ணாடி மாதிரி நிற்கிறது. நகத்தால் கீறினேன், வரவில்லை. அலமாரிக்கு வெளியே ஒரு விரல் தள்ளி, உரிந்து கிடக்கிறது. அதே டின். அதே கை. அதே நாள்.

தையற்காரம்மா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "நம்ம மெழுகா?" என்றார். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். உன் அண்ணன் முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"என்னது?"

"மெழுகு."

ஒத்தடத் துணியைத் திருப்பிப் போட்டார். இந்தத் தடவை இருமவில்லை. "அன்னிக்கே தெரியும். உரிஞ்சு வந்ததை மோந்து பாத்தேன்."

"அப்புறம் ஏன் அவனைப் போய் அப்படிச் சொன்னீங்க?"

"நீ பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தே. உன் சிநேகிதிங்க நின்னாங்க. வேற யார் தலையில போடறது?"

"உங்க தலையில போட்டிருக்கலாமே! வலை அடைக்குதுன்னு கழட்டிட்டு வந்து காட்டினானாமே?"

துணியை மறுபடி வெந்நீரில் நனைத்துப் பிழிந்தார். பிறகு, "தம்பிதானே, தாங்கிக்குவான்னு நெனச்சேன்" என்றார்.

சின்னவனே, உங்கள் இரண்டு பேர் மேலும் எனக்கு வருகிற கோபத்தை எழுதக் காகிதம் போதாது. அவர் என்னைக் காப்பாற்ற உன்னைப் பலி கொடுத்தார். நீ என்னைக் காப்பாற்ற ஒரு டின்னைப் பலி கொடுத்தாய். என்னை யாராவது கேட்டீர்களா? நான் என்ன, தொட்டால் உடைந்துவிடுகிற வக்கீல் வீட்டுக் கிண்ணமா? ஒன்பது மாதமாக இந்த வீட்டில் ஒரு நாக்கும் ஒழுங்காகப் புரளவில்லை. அந்தக் கணக்கை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

கடவுளிடமும் கோபித்துக்கொண்டேன். பலகைக்கு ஒரு ஜெபம் சொன்னேனே, ஒரு தரமாவது "இது ஒட்டாது பெண்ணே" என்று சொல்லக் கூடாதா? அப்புறம் யோசித்தேன். சொல்லித்தான் இருக்கிறார். வலையை அடைத்துக் காட்டினார். உன் கையில் கொடுத்து அனுப்பினார். நாங்கள்தான் பார்க்கவில்லை.

பொருளாளரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. சுரண்டுவதும் மெழுகு துடைப்பதும் நாங்கள் மூன்று பேர். அதற்கு விலை இல்லை, அது நாங்கள் பூசினது. துணியும் டர்பன்டைனும் நம் வீட்டுச் செலவு. பார்க்காமல் பூசச் சொன்னது உன் அண்ணன்தானே. வார்னிஷ் கூடத்துச் செலவு. போன ஜூன் வேலைக்கு அவர்கள் தராமல் பாக்கி நிற்கிற பாதிப் பணத்தை டேப் ஒட்டி இழுத்துப் பார்த்த பிறகு கொடுத்தால் போதும். அதிலிருந்து உன் கூலி முழுதாக வரும். உன் கூலியைக் குறைத்து எழுத என் கை வராது.

இனி மன்னிப்புக் கேள் என்று சொல்ல மாட்டேன். வா என்று மட்டும் சொல்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை வேலை செய்கிற இடத்தில் நீராவி மெஷின் மேல் உட்கார்ந்து படித்தேன். சூப்பர்வைசர் சட்டையில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கவில்லை.

டின் விஷயம் பொய்தான். மெழுகு என்று, மார்ச் தொடக்கத்தில் நீங்கள் எழுதின கடிதத்தைப் படித்தபோதே தெரிந்துவிட்டது. "உன் வேலை நன்றாக அமைய வேண்டும் என்று இரண்டு தரம் தேய்த்தோம்" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு எப்படி எழுதுவேன்? நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

ஆனால் அண்ணனுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

இத்தனை நாளும், அவர் தப்பாக நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டார், ஒரு நாள் உண்மை தெரிந்தால் வருத்தப்படுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு பிடிமானமாக இருந்தது. கோபமாக இருக்க வசதியாகவும் இருந்தது. தெரிந்தேதான் சொன்னார் என்றால் கோபம்கூட வர மாட்டேன் என்கிறது. களைப்பாக இருக்கிறது. அவ்வளவுதான்.

உங்களைக் காப்பாற்றச் சொன்னார், சரி. நானும் அதைத்தான் செய்தேன், எனவே அதில் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் "தாங்கிக்குவான்" என்றாரே. எனக்குத் தாங்கவில்லை என்று அவருக்குத் தெரியட்டும்.

அந்த வார்த்தையை அவர் கூடத்தில் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். உங்களிடம் வீட்டில் வைத்துச் சொன்னது எனக்குக் கணக்கில் வராது. நீங்கள் கணக்குத் தெரிந்தவர். எங்கே எழுதினோமோ அங்கேதான் அடித்துத் திருத்த வேண்டும்.

வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் குனிந்து சுரண்டுவதை நினைத்தால் இங்கே வேலை ஓடவில்லை. டர்பன்டைன் கையில் பட்டால் எரியும். ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி


ஏப்ரல் 17

சின்னவனே,

உறை போட்டுக்கொண்டோம். டீச்சரம்மாவுக்கு மட்டும் உறை பெரிது, விரல் நுனியெல்லாம் காலியாக ஆடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அதட்டுகிற குரலில் தரையை அதட்டிக்கொண்டே துடைத்தார். "வா வெளியே, வா! எங்க போய் ஒளிஞ்சுக்கறே?" சிரித்துச் சிரித்து எங்களுக்கு இடுப்பு வலித்தது. பிறகு சிரிக்காமலே வலித்தது.

மெழுகு தேய்க்கும்போது எவ்வளவு சுலபமாகப் போயிற்று தெரியுமா? எடுக்கும்போதுதான் தெரிகிறது, ஒவ்வொரு பலகையாக எப்படிப் போட்டிருக்கிறோம் என்று. பலகைக்கு ஒரு ஜெபம் இப்போதும் சொன்னேன். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. இந்தத் துணி வெள்ளையாக வரட்டும் என்று மட்டும்தான். வெளியே கொடி நிறைய மஞ்சள் துணி தொங்குவதைப் பார்த்துத் தெருவில் போகிறவர்கள் என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் படிக்கக் கொடுத்தேன். மறைப்பது போதும் என்று தோன்றியது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று படித்தார். மடித்துக் கொடுத்தார். சாப்பிடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து எல்லோரும் எழுந்து வெளியே போகிற நேரம். கூடத்தில் தரை பாதி சுரண்டின கோலத்தில் கிடந்ததால் சுவர் ஓரமாகத்தான் எல்லோரும் நின்றிருந்தார்கள். உன் அண்ணன் நடுவில் போய் நின்றார். இவர் கணக்குச் சொல்ல வருகிறார் என்று நினைத்துப் பொருளாளர் வழி விட்டார்.

"அன்னிக்கு இதே எடத்துல என் தம்பியைச் சோம்பேறின்னு சொன்னேன். அவன் தேய்ச்சான். வலை அடைக்குதுன்னு என்கிட்ட வந்து காட்டினான். நான்தான் பாக்காம பூசுன்னு சொன்னேன். தெரிஞ்சே அவன்மேல போட்டேன்."

அவ்வளவுதான். தையற்காரம்மா மூக்கை உறிஞ்சினார். உன் அண்ணனுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது, நாற்காலியெல்லாம் வெளியே கிடந்தது. முட்டி மடங்காத மனிதர், சுவர்வரை நடந்துபோய்ச் சாய்ந்துகொண்டார். நான் பக்கத்தில் போகவில்லை. அவரே நிற்கட்டும் என்று விட்டேன்.

எழுதின இடத்திலேயே அடித்தாயிற்று. நீ கேட்ட கணக்கு நேராகிவிட்டது என்று நினைக்கிறேன். இல்லை என்றால் வந்து சொல்.

நேற்றோடு துணியெல்லாம் வெள்ளையாகவே திரும்பி வருகிறது. கூடத்து வாசலிலிருந்து பாட்டுப் புத்தக அலமாரிவரை எங்கே தேய்த்தாலும் வெள்ளைதான். மரத்தின் நிறம் இப்படித்தான் இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. வெளிறி, களைத்து, ஆனால் சுத்தமாக இருக்கிறது. அலமாரிக்கு அடியில் உன் பழைய பூச்சு மட்டும் மினுங்குகிறது. அதை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பொருளாளர் வந்தால் காட்ட ஒன்று வேண்டும்.

அடிக்கட்டைகளை இனி என்ன செய்வது என்று தையற்காரம்மா கேட்டார். மிஞ்சவிட்டால்தானே கட்டை, கடைசிவரை எரியட்டும் என்றேன். எரிந்து முடிகிறவரை யாராவது ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் உட்கார்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கும் எங்கேயாவது சும்மா உட்கார ஒரு காரணம் வேண்டியிருக்கிறது.

இப்போது யார் போன் செய்தாலும் விலை சொல்லுமுன், "தரையில் என்ன தேய்ப்பீர்கள்?" என்று கேட்கிறேன். நேற்று ஒருவர் கோபித்துக்கொண்டார், "நாங்க ஒண்ணும் தேய்க்கறதில்ல, நடக்கறோம்" என்று. விலை மட்டும் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டார்.

பூச்சு வேலை உனக்காக நிற்கிறது. மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. உன் அண்ணன் நேற்று மெஷினைக் கழற்றித் துடைத்து, நீ சுருட்டி வைத்துப் போனாயே அந்த ஒயரைப் பிரித்து, வெடித்த இடத்தில் டேப் சுற்றினார். நான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது கதவோரம் வந்து நின்றார். இருமவில்லை.

"வரும்போது அங்கேயிருந்து எமரி வலை வாங்கிட்டு வரச் சொல்லு. இங்க கிடைக்கறது சரியில்ல."

"எத்தனைன்னு எழுதட்டும்?"

யோசித்தார்.

"எத்தனைன்னு எழுதாதே. எப்ப மாத்தணும்னு அவனுக்குத் தெரியும்."

அண்ணி